சோபாத்துணி எழுத்துகள்

ஜூன் 9

சோபாக்காரருக்கு,

நீங்கள் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து, போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எழுதியே தொலைப்போம் என்று நாம் முடிவெடுத்த பிறகு எழுதும் முதல் கடிதம் இது. நல்ல செய்தியோடு தொடங்கலாம் என்று பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லை.

இன்று நம் வாலுவின் டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மருந்துக்கடையில் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஒன்றாம் வகுப்புக் குட்டி நாற்காலி ஒன்றில் என்னை மடக்கி உட்காரவைத்துவிட்டு, நம் பெண்ணின் கையில் பாடப்புத்தகத்தைக் கொடுத்தார். கணீரென்று வாசித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதற்காகவா வேலையைக் கெடுத்துக் கூப்பிட்டீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். டீச்சர் புத்தகத்தை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, மறுபடியும் கொடுத்தார். நம் பெண் நிறுத்தவே இல்லை. அதே கணீர்க் குரல், அதே பாடம், ஒரு வார்த்தை பிசகவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இவள் வாசிப்பதைக் கேட்டு எத்தனை நாள் தலையாட்டியிருக்கிறேன்! எல்லாம் காதால் பிடித்துக்கொண்ட பாட்டு.

"போர்டுல எழுதினா எல்லாப் பிள்ளைங்களும் போர்டைப் பாக்குதுங்க. உங்க பொண்ணு பக்கத்துல இருக்கிறவ வாயைப் பாக்குறா. முன்னாடி உக்காந்து என்ன பிரயோஜனம்? கடைசி பெஞ்சுக்கு மாத்திட்டேன். ஒரு எழுத்துகூடத் தெரியலம்மா. இப்படியே போனா அடுத்த வருஷமும் இதே வகுப்புதான்" என்றார்.

டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து எடுத்துக்கொடுக்கிற எனக்குப் பிறந்தவளுக்குப் 'படம்' என்று படிக்கத் தெரியவில்லை. பதில் எழுதுங்கள். என்னைத் திட்டுவதை இரண்டாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்காரி

ஜூன் 17

மருந்துக்காரிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஒரு புத்தகம் முழுக்கத் தலைகீழாகவும் ஒப்பிக்கிறவளை மக்கு என்கிறாரா அந்த அம்மா? அவரைக் கூப்பிட்டு இரண்டு பக்கம் ஒப்பிக்கச் சொல்லிப் பார்.

சரி, கோபத்தை விடுகிறேன். இங்கே சோபாவுக்கு மரச்சட்டம் அடிக்கிற தச்சர், தன் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே படிக்கச் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் கேட்டுக்கொண்டேன். பட்டறையில் மிச்சம் விழுந்த துணிகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அட்டையில் ஒட்டி, பெயிண்டால் எழுத்து எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு துணி. 'ம' வெல்வெட், 'ப' ரெக்சின், 'ட' சாக்கு, 'ர' வழுவழுப்பான திரைத்துணி. ரொம்ப அழகாக வந்திருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல். புள்ளி வைத்த எழுத்துக்குப் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பொத்தான் தைத்திருக்கிறேன். என் மூளை எப்படி!

விளையாட்டு இதுதான். ஒவ்வொரு அட்டையும் ஒரு ரயில்பெட்டி. தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். பிறகு பெட்டிகளை நெருக்கி வைத்துக் கொஞ்சம் வேகமாகச் சொல்லவேண்டும். கடைசியில் மூன்றும் முட்டிக்கொள்ளும்போது வார்த்தை வந்துவிடும். ஒரு விஷயம் முக்கியம். எழுத்தின் பேரைக் கேட்காதே, ஓசையைக் கேள். 'இம்' என்று சொல்லவிடாதே. வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று முனகட்டும். இல்லாவிட்டால் மரம் என்பது 'மரஇம்' ஆகிவிடும் என்கிறார் தச்சர்.

தினமும் கொஞ்ச நேரம் போதும். தோற்பது நீயாக இருக்கட்டும். அது உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சோபாக்காரன்

ஜூலை 2

சோபாக்காரருக்கு,

என்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். நிஜம்தான். உங்கள் பெண் படிக்கிறாள்!

முதல் இரண்டு நாள் அட்டைகளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் ம, ர, ம்ம்ம் என்று பெட்டிகளை நெருக்கிக்கொண்டே வந்தவள் திடீரென்று "மரம்! அம்மா, மரம்!" என்று கத்தினாள். ஜன்னலுக்கு வெளியே மரம் விழுந்துவிட்டதோ என்று நான் எழுந்து ஓடினேன். சிரிக்காதீர்கள். அன்றைக்கே படம், பட்டம், கடல் எல்லாம் வந்துவிட்டது.

நானும் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தேன். எல்லா அட்டைகளையும் துணிப்பையில் போட்டுக் குலுக்கிவிட்டு, கையை விட்டு ஒன்றை எடுக்கவேண்டும். எடுத்த எழுத்தில் தொடங்கும் வார்த்தையை முதலில் சொல்கிறவருக்கு வெற்றி. கீழ்வீட்டுப் பெண்ணும் விளையாட வருகிறாள். அவள் இரண்டாம் வகுப்பு. நம் வாலு அவளை ஓட ஓட விரட்டுகிறாள். அவள் அட்டையை வெளியே எடுத்துப் பார்த்து யோசிப்பதற்குள் இவள் எழுத்தைச் சொல்லி, வார்த்தையையும் சொல்லிவிடுகிறாள். அவ்வளவு வேகம்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போய் மூக்கை உடைக்கப்போகிறேன்.

மருந்துக்காரி

ஜூலை 20

சோபாக்காரருக்கு,

என் மூக்குதான் உடைந்தது.

டீச்சர் போர்டில் 'மரம்' என்று எழுதினார். வாலு போர்டைப் பார்த்தபடி நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன எழுதியிருக்குன்னு யாராச்சும் சொன்னாத்தானே தெரியும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். "வீட்லயும் மனப்பாடம்தான் பண்ண வைக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மருந்துப்பெட்டி அட்டைகளைக் கிழித்து, அதே எழுத்துகளைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். ஒன்றுகூட வரவில்லை. துணி அட்டைகளைக் கொடுத்தேன், கடகடவென்று வருகிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. பையைக் கொடுத்தேன். அவள் கையை உள்ளே விட்டாள். கை உள்ளே இருக்கும்போதே "ம" என்றாள். அட்டை வெளியே வரவே இல்லை.

"பாக்காம எப்படிடி சொன்னே?"

"மெத்துனு இருந்தா ம. சொரசொரன்னு இருந்தா ட. மெத்துனு இருந்து பொத்தானும் இருந்தா வாயை மூடிக்கணும்."

இத்தனை நாள் இவள் எழுத்தைப் படிக்கவில்லை. உங்கள் சோபாத் துணியைப் படித்திருக்கிறாள்! தலைகீழ்ப் புத்தகத்தில் டீச்சரை ஏமாற்றினாள், துணிப்பையில் நம்மை ஏமாற்றியிருக்கிறாள். நான் பையைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டேன். அழுதாள். அழட்டும் என்று விட்டேன். ஒரே மாதிரி அட்டையில் ஒழுங்காக எழுதி அனுப்பியிருந்தால் இந்த அவமானம் வந்திருக்குமா? உங்களுக்கு எதிலும் அலங்காரம் வேண்டும்.

மருந்துக்காரி

ஜூலை 28

மருந்துக்காரிக்கு,

முதலில் பையை எடுத்து அவள் கையில் கொடு. மீதியைப் பிறகு படி.

கொடுத்தாயா? சரி. தப்பு என் துணியில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி வைத்தால் குழந்தை துணியைத்தான் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை. தச்சரிடம் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஏமாற்றினாள் என்று மட்டும் சொல்லாதே. ஆறு வயதுக் குழந்தை நம்மை ஏமாற்றத் திட்டம் போடுமா? ம, ர, ம் என்று மூன்று துண்டாகக் கிடந்ததை மரம் என்று ஒட்டவைத்தது யார்? வெல்வெட்டா? அதுதான் படிப்பதிலேயே கஷ்டமான வேலை என்கிறார் தச்சர். அதை அவள் செய்துவிட்டாள். எழுத்தின் உருவம் மட்டும்தான் பாக்கி.

அதனால் துணியும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். மொட்டைமாடித் தரையில் சாக்பீஸால் பெரிது பெரிதாக எழுத்து போடு. நீ ஓசையைச் சொல், அவள் அந்த எழுத்துமேல் குதிக்கட்டும். பிறகு மூன்று எழுத்தில் வரிசையாகக் குதித்து வார்த்தையைச் சொல்லட்டும். தரை எல்லா இடத்திலும் ஒரே சிமெண்டுதான். தடவிக் கண்டுபிடிக்க முடியாது.

கோபத்தில் எழுதிவிட்டாய் என்று தெரியும். நானும் போனில் இருந்திருந்தால் கத்தியிருப்பேன். எழுதுவதில் இது ஒரு வசதி.

சோபாக்காரன்

ஆகஸ்ட் 8

என்னங்க,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் சொன்னபடி மாடியில் எழுத்து போட்டேன். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது. ஒருநாள் சொல்லிக்கொடுத்தேன், மறுநாளே சரியாகக் குதித்தாள். கீழ்வீட்டுப் பெண்ணுக்குச் சமமாகக் குதித்தாள். உங்கள் தச்சர் சொன்னது சரி, உருவம்தான் பாக்கியாக இருந்தது என்று சந்தோஷப்பட்டேன். தினமும் புது எழுத்து சேர்த்துக்கொண்டே வந்தேன். தரையில் இடம் போதவில்லை. நேற்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, உள்ளங்கை அளவில் சின்னதாக எழுதினேன்.

"ப" என்றேன். கீழ்வீட்டுப் பெண் குதித்துவிட்டாள். நம் பெண் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு மண்டிபோட்டாள். கையை ஊன்றிக் குனிந்தாள். கன்னம் தரையில் ஒட்டும் அளவுக்குத் தலையைச் சாய்த்து, ஒரு எழுத்துக்கு மேலே மூக்கை வைத்துப் பார்த்தாள். அப்புறம் நகர்ந்து அடுத்த எழுத்து. நல்ல வெயில், பட்டப்பகல். அந்தப் பெண் "என்ன மோந்து பாக்குறா?" என்று சிரித்தாள்.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"எழுத்து தெரியுதா உனக்கு?"

"பெருசா இருந்தாத் தெரியும்."

"போர்டுல டீச்சர் எழுதினா?"

"வெள்ளையா இருக்கும்."

"வெள்ளையான்னா?"

"வெள்ளையாதான். எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கும்?"

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "அம்மா முகம் தெரியுதா?"

"தெரியுமே. நீ மருந்து வாசனையா வருவே."

என்னங்க, நாள் முழுக்க அடுத்தவர்களின் கண்ணுக்குச் சொட்டுமருந்து எடுத்துக்கொடுக்கிறேன். என் பெண் டம்ளரைத் தட்டிவிட்டால் கவனமில்லை என்று திட்டினேன். படியில் தடுக்கி விழுந்தால் வாலு என்று பேர் வைத்தோம்.

இன்று காலை கண் டாக்டரிடம் போனோம். விளக்கு அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை. குழந்தைக்குமா என்று கேட்டேன். குழந்தைக்கும் வரும், கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்திருக்கிறது, அதனால்தான் அவளுக்கே தெரியவில்லை என்றார். ஆபரேஷன் செய்யவேண்டும். முதலில் வலது கண், பிறகு இடது. எவ்வளவு பார்வை வரும் என்று அவரால் இப்போது சொல்ல முடியாதாம். தெளிவாகப் பார்க்க மூளை பழகவேண்டிய வயது தாண்டிக்கொண்டே போகிறது, தள்ளிப்போடத் தள்ளிப்போட நஷ்டம் என்கிறார்.

உடனே எழுதுங்கள்.

ஆகஸ்ட் 14

கண்ணுக்கு ஆபரேஷன் என்று நீ எழுதிய வரிக்கு மேல் என்னால் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வந்து நிற்கிறேன். நேற்று தையல் ஊசி விரலில் ஏறிவிட்டது. வலிக்கவில்லை. ரத்தம் துணியில் பட்ட பிறகுதான் பார்த்தேன்.

போன வருஷம் நான் கிளம்பும்போது வாசல்வரை ஓடி வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தாளே. பாசம் என்று நினைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கேள். ஹோட்டல் ஒன்றுக்கு நூறு நாற்காலி தைத்துக்கொண்டிருக்கிறோம். அது முடியும்வரை ஒருவனுக்கும் லீவு இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அக்டோபர் முதல் வாரத்தில் வந்துவிடுகிறேன். நான் வரும்வரை என் பெண்ணின் கண்ணில் யாரும் கத்தி வைக்கக்கூடாது. இப்போது பெரிய எழுத்தாவது தெரிகிறது. அதுவும் போய்விட்டால்? டாக்டரே உறுதி சொல்லவில்லை என்று நீதானே எழுதியிருக்கிறாய்? எதற்கு இந்த அவசரம்? நீ தனியாக முடிவெடுக்காதே. உன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

செப்டம்பர் 24

என்னங்க,

கத்தி வைத்தாயிற்று. உங்கள் கடிதம் வந்த அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதன் பிறகு நீங்கள் போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்காததற்கும் அதுதான் காரணம். உங்கள் குரலைக் கேட்டால் என் தைரியம் போய்விடும் என்று பயந்தேன். கோபித்துக்கொள்ளுங்கள், நியாயம்தான். ஆனால் நீங்கள் வரும்வரை காத்திருந்து, டாக்டர் 'ஒரு மாதம் முன்னாடி வந்திருக்கலாம்' என்று சொல்லியிருந்தால், நான் உங்களை ஆயுசுக்கும் மன்னித்திருக்கமாட்டேன்.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்ததை எழுதப்போவதில்லை. நீங்கள் இல்லாதது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் கூசுகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. மெதுவாகத் திறந்து என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, உன் மூஞ்சியில இவ்ளோ கோடு இருக்கா?" என்றாள். நர்ஸ் சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன், இன்னும் நாலு கோடு கூடியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து இடது கண்ணும் முடிந்தது. கண்ணாடி போட்டிருக்கிறாள், மூக்கைவிடப் பெரிதாக இருக்கிறது. நேற்று பரிசோதனைக்குப் போனபோது வராந்தாவில் எங்கள் முறைக்குக் காத்திருந்தோம். எதிர்ச்சுவரில் பெரிய பலகை. அவள் அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. "ர... த்... த... ம்ம்ம்." பெட்டிகளை நெருக்குகிற மாதிரி மறுபடியும் சொன்னாள். மறுபடியும், இன்னும் வேகமாக. பிறகு ஆஸ்பத்திரியே அதிர "ரத்தம்!" என்று கத்தினாள். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. யாருடைய வாயையும் அவள் பார்க்கவில்லை. சுவரில் இருந்ததை அவளே படித்தாள்.

முழு உண்மையையும் எழுதிவிடுகிறேன். வலது கண் நன்றாக வந்திருக்கிறது. இடது கண்ணில் ஓரளவுதான். மூளை அந்தக் கண்ணை மறந்து ரொம்ப நாள் ஆகிவிட்டதாம். தினமும் வலது கண்ணை மூடி இடது கண்ணுக்கு வேலை கொடுக்கவேண்டும். அது தேறுமா என்பது போகப் போகத்தான் தெரியும். டீச்சர் வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார். திங்கட்கிழமையிலிருந்து முதல் பெஞ்ச்.

சீக்கிரம் வாருங்கள். சண்டையை நேரில் போடலாம்.

அக்டோபர் 19

மருந்துக்காரிக்கு,

நல்லபடியாகப் பட்டறைக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். லீவில் அங்கே இருந்த பத்து நாளும் நாம் சண்டையே போடவில்லை என்று தச்சரிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். நீ முடிவெடுத்தது சரி. இதை நேரில் சொல்ல நாலைந்து தடவை வாயெடுத்தேன், வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

இன்னொன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். நான் வந்திறங்கிய அன்று நீ உள்ளே அடுப்பில் ஏதோ வைத்திருந்தாய். கதவைத் திறந்தது வாலு. அவளுடைய சத்தம் கேட்டு நீ வருவதற்குள் வாசலில் நடந்தது உனக்குத் தெரியாது.

நான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லவேண்டாம் என்று நான்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன். கதவைத் திறந்ததும் 'அப்பா' என்று பாய்ந்து வருவாள் என்று கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தாடியைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், என் கையிலிருந்த பையைப் பார்த்தாள். ஒரு அடி பின்னால் போய்க் கதவைப் பாதி மூடிக்கொண்டாள்.

"யாரு வேணும்?"

பெற்ற பெண் என்னை வாசலில் நிறுத்தி யார் என்று கேட்கிறாள். பேசினால் அடுத்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிடும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் பேசவில்லை. ஏன் என்று கேள். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து என் குரலுக்கும் கைக்கும் சிரித்தவள், அன்றைக்குத்தான் முதல்முதலாக என் முகத்தைத் தெளிவாகப் பார்க்கிறாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்றால், நான் அவள் கண்ணுக்குத் தெரிகிறேன் என்றுதானே அர்த்தம்? அந்தப் பார்வையை முடித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்நியனாகவே நின்றேன்.

அவள் பொறுமை போய்விட்டது. "யாரு வேணும்னு கேக்குறேன்ல?"

"நீதான்" என்றேன்.

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு நேராக ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாளே, அதுதான் நீ கேட்ட சத்தம். பிறகு தலையைப் பின்னால் இழுத்து, ஒரு கண்ணை முதலில் திறந்தாள், அப்புறம் இன்னொன்றை. என் முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"அப்பா, நீ இப்படியா இருப்பே?" என்றாள்.

பிடித்திருக்கிறதா என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்காமலே வந்துவிட்டேன். அவளிடம் மெதுவாகக் கேட்டு எழுது.

சோபாக்காரன்